புது ஹாப்ஸைத் தனியே விட்டுப் பார்ப்பது: நெக்டரானுக்கு 10 லிட்டர்

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ ஹாப்ஸ். அதில் நெக்டரான் என்ற ரகத்தின் பாக்கெட்டில் அன்னாசி, பேஷன் ஃப்ரூட், பீச், கிரேப்ஃப்ரூட் என்று போட்டிருக்கும். சிட்ரா பாக்கெட்டிலும் கிட்டத்தட்ட இதேதான். மொசைக், கேலக்ஸி என எதை எடுத்தாலும் ஒரு பழக்கடையே எழுதியிருப்பார்கள். இதை நம்பி, வாங்கிய அன்றே நாலு ஹாப்ஸ் கலந்த ஐபிஏவில் (ஹாப்ஸ் தூக்கலான பீர் வகை) கொட்டினால், குடிக்கும்போது எந்த மணம் எதிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. புது ஹாப்ஸின் குரல் கேட்க வேண்டுமென்றால் பீரில் மற்றதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாது, ஈஸ்ட் சாது, தண்ணீர் சுத்தம், ஹாப்ஸ் ஒன்றே ஒன்று.

கீழே இருப்பது நெக்டரானுக்கான 10 லிட்டர் கணக்கு. வேறு ரகம் கையில் இருந்தால் கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலத்தின் விழுக்காட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மற்றவை அப்படியே பொருந்தும்.

அதற்கு முன் சட்டம். தமிழ்நாட்டில் 1937 மதுவிலக்குச் சட்டம் இருப்பதால் உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் தயாரிக்க முடியாது. சிங்கப்பூரில் 18 வயது நிறைந்தவர்கள் சொந்த உபயோகத்துக்கு, வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமலே தயாரிக்கலாம். பிரிட்டனிலும் நியூசிலாந்திலும் விற்காதவரை தடையில்லை. ‘காய்ச்சுவது’ என்றாலே நம்மவர்களுக்குச் சாராயம்தான் ஞாபகம் வரும். இதில் வாலையும் இல்லை, வடிப்பும் இல்லை. பார்லிக் கஞ்சியைப் புளிக்க வைப்பதுதான் வேலை.

நெக்டரான் நியூசிலாந்துச் சரக்கு. அந்நாட்டு ஹாப்ஸ் தோட்டங்கள் பெரும்பாலும் தென்தீவின் வட முனையில், நெல்சன், மோட்டுவெகா சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. ஹார்ட் 4337 என்ற எண்ணோடு பல ஆண்டு சோதனையில் இருந்த செடிக்கு, அதை உருவாக்கிய ஆய்வாளர் ரான் பீட்சனின் பெயரையும் உள்ளே வைத்து 2020இல் பெயர் சூட்டி வெளியிட்டார்கள். வைமியா என்ற ரகத்துக்கு இது கூடப்பிறந்த தங்கை. ஆல்ஃபா அமிலம் 11 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அறுவடைக்கு அறுவடை மாறும் என்பதால் பாக்கெட்டில் உள்ள எண்ணைத்தான் கணக்கில் போட வேண்டும்.

பாக்கெட்டில் முதலில் பார்க்க வேண்டியது அறுவடை ஆண்டு. தென்கோளத்தில் ஹாப்ஸ் பறிப்பது பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. அமெரிக்கா, ஜெர்மனியில் ஆகஸ்டு, செப்டம்பர். ஆகவே அக்டோபரில் ஒரே ஆண்டைத் தாங்கிய இரண்டு பாக்கெட் வாங்கினால், நியூசிலாந்துச் சரக்குக்கு ஆறு மாதம் வயது கூட. உறைபெட்டியில் இருந்திருந்தால் கவலையில்லை. கடை அலமாரியில் இருந்திருந்தால் விட்டுவிட்டு வருவது நல்லது. பிரித்ததும் பெல்லட் (ஹாப்ஸைப் பொடித்து அழுத்திய குளிகை) பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பு ஓடியிருந்தாலோ, பழைய சீஸ் அல்லது வியர்வைச் சாக்ஸ் வாடை வந்தாலோ காற்றுப் பட்டுக் கெட்டுவிட்டது என்று அர்த்தம். அதில் பீர் போட்டுவிட்டு ரகத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

எண்ணெய் அளவைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். நெல்சன் சாவினில் 100 கிராமுக்கு ஒரு மில்லியை ஒட்டித்தான் எண்ணெய். அதைவிட இரு மடங்கு எண்ணெய் உள்ள ரகங்கள் உண்டு. ஆனாலும் மணத்தில் அதை அடிக்க ஆள் குறைவு. காரணம் தையோல் எனப்படும் கந்தகச் சேர்மங்கள். லிட்டருக்கு நானோகிராம் கணக்கில் இருந்தாலே சில தையோல்கள் மூக்கில் ஏறும். எண்ணெய்க் கணக்கில் அவை தெரியவே தெரியாது. வெள்ளைத் திராட்சை ஒயின் வாசத்தைத் தரும் அப்படியொரு தையோலை நெல்சன் சாவினில் ஜப்பானின் சப்போரோ ஆய்வாளர்கள் அடையாளம் கண்டு 2009இல் எழுதினார்கள். கொய்யாவுக்கும் பேஷன் ஃப்ரூட்டுக்கும் அந்த வாசம் வருவதும் இதே குடும்பத்துச் சேர்மங்களால்தான். அளவு மிஞ்சினாலோ, வேறு தையோலாக இருந்தாலோ, அதே குடும்பம் வெங்காயம், பூண்டு, பூனை மூத்திரம் என்றும் போகும்.

காய்ச்சுவதற்கு முன்னால் மூக்கு

இரண்டு மூன்று பெல்லட்டை உள்ளங்கையில் வைத்துப் பொடித்து, சூடு ஏறும்வரை தேய்த்து முகர்வது எல்லோரும் செய்வது. செய்யலாம். ஆனால் கையில் வரும் வாசம் பெரும்பாலும் மிர்சீன் என்ற எண்ணெய்ப்பொருள். பச்சையாக, பிசின் மாதிரி இருக்கும். பீரில் அதில் பெரும்பகுதி நிற்காது. இதைவிட உருப்படியான சோதனை, ருசி அதிகம் இல்லாத லாகர் பீர் பாட்டிலில் ஹாப்ஸைப் போட்டுப் பார்ப்பது. 500 மில்லி பாட்டிலுக்கு 2.5 கிராம், அதாவது லிட்டருக்கு 5 கிராம். பீரில் பின்னால் போடப்போகும் அதே அளவு. பாட்டிலை உறையும் நிலைக்குப் பக்கத்தில் குளிரவைத்துத் திறந்து, இரண்டு வாய் கொட்டிவிட்டு, பெல்லட்டைப் போட்டு உடனே மூட வேண்டும். குளிர் போதாவிட்டால் பெல்லட் விழுந்த நொடியில் பாட்டில் பாதி நுரையாகத் தரைக்கு வந்துவிடும். இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்து, காபி வடிகட்டும் தாளில் வடிகட்டி முகரலாம். பச்சைக் கண்ணாடி பாட்டில் வேண்டாம். வெளிச்சம் பட்டு அதுவே ஒரு நாற்றத்தைச் சேர்த்துவிடும். எதுவும் போடாத இன்னொரு பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் லாகரின் வாசத்தையே ஹாப்ஸ் கணக்கில் எழுதுவோம்.

இந்தக் கட்டத்திலேயே பூண்டு வாடை தூக்கலாக வந்தால், 10 லிட்டரையும் அதில் போடுவதா என்று யோசித்துக்கொள்ளலாம்.

மால்டும் தண்ணீரும்

பேல் ஏல் மால்ட் 2.4 கிலோ, கோதுமை மால்ட் 150 கிராம். அவ்வளவுதான். கேரமல் மால்ட் ஒரு பிடிகூட வேண்டாம். அதன் டாஃபி இனிப்பு, ஹாப்ஸின் பழ வாசத்தோடு சேர்ந்து ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று நினைக்க வைக்கும். எது யாருடைய வேலை என்று தெரியாமல் போய்விடும்.

தானியத்தைத் துணிப்பையில் கட்டி ஊறவைக்கும் முறையில் மொத்தத் தண்ணீரையும் ஒரேயடியாக எடுத்துக்கொண்டால் 17 லிட்டர். தானியம் 2 லிட்டர் குடிக்கும், ஒரு மணி நேரக் கொதிப்பில் 3 லிட்டர் ஆவியாகும், பாத்திரத்தில் 12 லிட்டர் நிற்கும், கசடு போக 10.5 லிட்டர் வாளிக்குள் போகும். ஆவியாவது அடுப்புக்கு அடுப்பு மாறும். ஒரு முறை வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அளந்துவிடுங்கள். தண்ணீரை 69 டிகிரிக்குச் சூடாக்கி மால்டைப் போட்டால் 66இல் வந்து நிற்கும். ஒரு மணி நேரம் மூடி வைத்தால் மேஷ், அதாவது மாவுச்சத்து சர்க்கரையாகும் ஊறல், முடிந்தது. பையை எடுத்துவிட்டுக் கொதிக்கவிட்டு, முடிந்ததும் அடர்த்தி (தண்ணீர் 1.000 என்ற கணக்கில்) 1.048 அருகே இருக்க வேண்டும். 1.044 வந்தால் பெரும்பாலும் மால்ட் சரியாக உடையாமல் இருந்திருக்கும். சோதனைக்கு அது பெரிய குறையில்லை.

குடிநீரைச் சுத்திகரிக்கப் போடும் குளோராமின் தண்ணீரில் இருந்தால் பீரில் ஆஸ்பத்திரி வாடை வரும். அது வந்துவிட்டால் ஹாப்ஸைப் பற்றி ஒன்றும் பேச முடியாது. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் குளோராமின் உண்டு. கொதிக்க வைப்பதால் மட்டும் எளிதில் போகாது. 17 லிட்டருக்கு, அதை நீக்கும் கேம்டன் மாத்திரை கால் துண்டு பொடித்துப் போட்டால் சில நிமிடத்தில் வேலை முடிந்தது. உப்பில்லாத தண்ணீரானால் ஜிப்சம் 3.5 கிராம், கால்சியம் குளோரைடு 2.5 கிராம். சல்ஃபேட் லிட்டருக்கு 115 மில்லிகிராம், குளோரைடு 70 வரும். கசப்பு தெளிவாகத் தெரியும், வாயில் வறளாது. சல்ஃபேட்டை 300க்கு ஏற்றினால் எந்த ஹாப்ஸும் கடுகடுவென்றுதான் இருக்கும்.

ஹாப்ஸ் போடும் நேரம்

100 கிராம் பாக்கெட்டை இப்படிப் பிரிக்கலாம்: கொதி தொடங்கியதும் 8 கிராம், அடுப்பை அணைத்து 80 டிகிரிக்கு இறக்கியபின் 30 கிராம், நொதித்தல் முடிந்தபின் 50 கிராம். மீதி 12 கிராமில் முகர்வதற்கும் லாகர் சோதனைக்கும் போகும்.

ஒரு மணி நேரம் கொதிக்கும் 8 கிராம், 11 விழுக்காடு ஆல்ஃபாவில், ஏறக்குறைய 18 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு) தரும். மணம் சுத்தமாகப் போய்விடும். ஒற்றை ஹாப்ஸ் பீர் என்றால் கசப்புக்கும் அதையே போட வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் உண்டு. விலை உயர்ந்த ஹாப்ஸைக் கொதியில் கரைப்பது வீண் என்பது இங்கே தரப்பு: 13 விழுக்காடு ஆல்ஃபா உள்ள மேக்னம் ரகம் 7 கிராம் போட்டால் அதே கசப்பு, எந்தச் சாயலும் இல்லாமல் வந்துவிடும்.

அடுத்த 30 கிராம்தான் முக்கியம். ரசம் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதிக்கவிட்டால் வாசம் வீடெல்லாம் இருக்கும், ரசத்தில் இருக்காது என்பது தமிழ்ச் சமையலறையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதுவும் அதே கதைதான். அடுப்பை அணைத்து, குழாய்த் தண்ணீர் ஓடும் குளிர்விக்கும் சுருளைப் போட்டு, வோர்ட் (இன்னும் நொதிக்காத மால்ட் கஞ்சி) 80 டிகிரிக்கு இறங்கியதும் சுருளை நிறுத்திவிட்டு ஹாப்ஸைப் போட வேண்டும். நன்றாகச் சுழற்றிக் கலக்கி, மூடி 20 நிமிடம். கொத்தமல்லி விதையிலும் உள்ள லினலூல், ரோஜாவிலும் உள்ள ஜெரானியால் போன்றவை வோர்ட்டில் தங்கும். கசப்பு மெதுவாகத்தான் ஏறும். 80 டிகிரியில் ஆல்ஃபா அமிலம் கசப்பாக மாறும் வேகம் கொதிநிலையில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான். ஆகவே இந்த 30 கிராம் தருவது 9, 10 ஐபியு. அவசரப்பட்டு அணைத்த உடனேயே, 98 டிகிரியில் போட்டுவிட்டு அப்படியே மூடி வைத்தால் அதே 30 கிராம் 25 ஐபியுவையும் தாண்டிப் போகும். ‘இந்த ரகம் கசப்பு ஜாஸ்தி’ என்று வரும் பேச்சில் பாதி, இந்தத் தவறிலிருந்து வருவது. தெர்மாமீட்டரைப் பாத்திரத்தின் நடுவில் விட்டுப் பாருங்கள். சுருளை ஒட்டிய இடத்தில் பத்து டிகிரி குறைத்துக் காட்டும்.

பிறகு வேகமாகக் குளிரவைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரே 28, 29 டிகிரியாக இருக்கும் ஊரில் 18க்கு இறக்குவது நடக்காத காரியம். 32 வரை சுருளால் இறக்கி, கிருமிநீக்கிய வாளிக்கு மாற்றி மூடி, ஃபிரிட்ஜில் வைத்து, 18 வந்தபின் ஈஸ்ட் போடலாம். சில மணி நேரம் தாமதமாவதால் ஒன்றும் கெடாது, வாளி சுத்தமாக இருக்கும் பட்சத்தில். 30 டிகிரியில் ஈஸ்ட் போட்டால் வாழைப்பழ வாசமும் நெயில் பாலிஷ் வாசமும் வரும். அந்த வாழைப்பழத்தை ஹாப்ஸின் வெப்பமண்டலப் பழம் என்று எழுதிவைக்கும் அபாயம் நிஜமானது.

ஈஸ்ட், யுஎஸ்-05 என்ற உலர் ரகம். இந்த அளவுக்கு 11.5 கிராம் பாக்கெட்டில் பாதி போதும். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டிய ஃபிரிட்ஜில் 18, 19 டிகிரி. ஆறேழு நாளில் 1.010 அருகே வந்து நிற்கும். ஆல்கஹால் 5 விழுக்காட்டை ஒட்டி வரும். தையோலைப் பிரித்துத் தரும் ஈஸ்ட் ரகங்கள் இப்போது கிடைக்கின்றன. இந்தச் சோதனைக்கு அவை வேண்டாம். எது ஹாப்ஸ், எது ஈஸ்ட் என்ற கேள்விதான் திரும்ப வரும்.

நொதித்தல் முடிந்தபின் போடும் 50 கிராம்

நொதிக்கும்போதே ஹாப்ஸ் போடுவதில் ஒரு பயன் உண்டு: ஈஸ்ட் ஜெரானியாலை எலுமிச்சைச் சாயல் கொண்ட சிட்ரொனெல்லாலாக மாற்றும். அதை இரண்டாவது முறைக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் முறை, அடர்த்தி இரண்டு நாள் அசையாமல் நின்றபின் போடுங்கள்.

அளவு லிட்டருக்கு 5 கிராம். ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் லஃபோன்டெய்னும் ஷெல்ஹாமரும் கேஸ்கேட் ஹாப்ஸை லிட்டருக்கு 16 கிராம் வரை போட்டுப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். லிட்டருக்கு 4 முதல் 8 கிராம் வரை பலன். அதற்கு மேல் சிட்ரஸ் மணம் அதே வேகத்தில் ஏறுவதில்லை, தேயிலை, மூலிகைச் சாயல்தான் முன்னால் வருகிறது. ரகத்தை அறிவதற்கு 5 தாராளம்.

நாட்கள் மூன்று போதும். வாரக்கணக்கில் ஊறவைத்தால் மணம் கூடாது. புல் வாடையும் துவர்ப்பும்தான் கூடும். பெல்லட்டைத் துணிப்பையில் கட்டாமல் நேராகப் போடுவது மேல். பைக்குள் உப்பி, நடுப்பகுதி காய்ந்தே கிடக்கும். மூடியைத் திறந்து கொட்டி மூடுவது பத்து விநாடிக்குள் முடிய வேண்டும். கிளறக் கூடாது. போட்டதும் நுரை பொங்கும். வாளியில் மேலே கொஞ்சம் இடம் இல்லாவிட்டால் ஏர்லாக் (வாயுவை வெளியே விடும் தண்ணீர் அடைப்பு) வழியே பச்சைச் சகதி வெளியே வரும்.

இங்கேதான் பாட்டிலில் அடைப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் பொறி. ஹாப்ஸில் நொதிகள் உண்டு. ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட நீளமான சர்க்கரைகளை அவை வெட்டிக் கொடுக்க, முடிந்ததாக நினைத்த நொதித்தல் மறுபடி தொடங்கும். ஹாப் கிரீப் என்று இப்போது எல்லோரும் பேசுவது இதைத்தான். புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஹோரஸ் பிரவுனும் ஹாரிஸ் மோரிஸும் 1893இலேயே எழுதிவைத்தது, மறந்துபோய்த் திரும்ப வந்திருக்கிறது. அடர்த்தி 0.001 இறங்கினால் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய அரை வால்யூம் (பீரின் கன அளவில் பாதி வாயு) கூடும். 1.010இல் அடைத்த பாட்டில் உள்ளே 1.008க்கு இறங்கினால், 2.4 வால்யூமுக்குச் சர்க்கரை போட்டது 3.4 ஆகிவிடும். திறந்தால் பொங்கும், கண்ணாடி மெலிதானால் வெடிக்கும்.

ஆகவே ஹாப்ஸ் போட்டபின் வாளியைக் குளிர வைக்க அவசரப்படாதீர்கள். 19 டிகிரியிலேயே விட்டு, மூன்றாம் நாள் அளந்து, இறங்கியிருந்தால் மறுபடி நிற்கும்வரை பொறுக்க வேண்டும். இரண்டாம் முறை நொதிக்கும்போது வெண்ணெய் வாடையும் வரலாம். கண்டுபிடிக்க, கால் டம்ளர் பீரை மூடிய கிண்ணத்தில் 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, ஆறியபின் முகருங்கள். தியேட்டர் பாப்கார்ன் ஞாபகம் வந்தால் இன்னும் இரண்டு நாள் ஈஸ்ட்டுக்கு வேலை இருக்கிறது.

அதற்குப்பின் 3 டிகிரியில் இரண்டு நாள். சகதி அடியில் படியும். குளிரும்போது வாளிக்குள் அழுத்தம் குறைந்து ஏர்லாக் தண்ணீரையும் வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும். ஏர்லாக்கை எடுத்துவிட்டுத் துளையை அடைத்துவிடுங்கள். ஹாப்ஸ் அரை லிட்டர் வரை பீரைக் குடித்திருக்கும். அதைப் பிழிந்தெடுக்க ஆசைப்பட வேண்டாம்.

அடைப்பது: வெள்ளைச் சர்க்கரை லிட்டருக்கு 6 கிராம், 330 மில்லி பாட்டிலுக்கு 2 கிராம். வாளிக்குழாயில் நீளக் குழல் மாட்டி, பாட்டிலின் அடியிலிருந்து நிரப்ப வேண்டும். கழுத்தில் காற்றிடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இத்தனை ஹாப்ஸ் உள்ள பீருக்கு ஆக்சிஜன்தான் எமன்: மூன்றே வாரத்தில் பொன்னிறம் செம்பழுப்பாகி, பழ வாசம் போய், ஈர அட்டைப்பெட்டி வாசம் வந்துவிடும். சர்க்கரை போட்டு இன்னொரு வாளிக்கு மாற்றிக் கலக்கும் பழைய முறையை இதற்கு மட்டுமாவது தவிர்க்கலாம். பாட்டிலில் நேராகச் சர்க்கரை போடுவது அலுப்பு, ஆனால் மணம் நிற்கும்.

குடித்துப் பார்ப்பது

அறை வெப்பத்தில் இரண்டு வாரம், பிறகு ஃபிரிட்ஜில் மூன்று நாள். முதல் வாரத்திலேயே திறந்தால் தொண்டையில் மிளகு மாதிரி ஒரு எரிச்சல் இருக்கும்; மிதக்கும் ஹாப்ஸ் துகள்களின் வேலை, படிந்தால் போய்விடும். 8 டிகிரியில் ஊற்றி உடனே முகர்ந்து எழுதுங்கள். 14க்கு ஏறியபின் மறுபடி. கந்தகச் சாயல் இருந்தால் சூடு ஏறும்போதுதான் தெரியும்.

பக்கத்தில் ஒப்பிட இன்னொன்று இல்லாமல் ‘அன்னாசி வருகிறது’ என்று எழுதுவதில் பெரிய பயனில்லை. பாக்கெட்டில் படித்ததை நாக்கு திருப்பிச் சொல்லும். வசதி இருந்தால் அடுப்பில் மேக்னம் மட்டும் போட்டு, நொதித்த பீரை இரண்டு 5 லிட்டர் குடுவையாகப் பிரித்து, ஒன்றில் நெக்டரான் 25 கிராம், மற்றதில் நன்றாகப் பழகிய கேஸ்கேட் 25 கிராம் போடலாம். 80 டிகிரி ஹாப்ஸ் இதில் போய்விடும், ஆனால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். நண்பர்களுக்கு மூன்று டம்ளர்: இரண்டில் ஒன்று, ஒன்றில் மற்றது. எது வேறு என்று மட்டும் கேளுங்கள், பெயரைச் சொல்லாமல். 12 பேரில் 4 பேர் குருட்டாம்போக்கிலேயே சரியாகச் சொல்வார்கள். 8 பேர் சொன்னால்தான் வித்தியாசம் உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம்.

நான்கு பாட்டிலை ஒதுக்கி வைத்து ஆறாவது வாரம் திறந்து பாருங்கள். சில ரகங்களின் மணம் முதல் மாதத்திலேயே மங்கிவிடும், சில நிற்கும். அடுத்த பாக்கெட் வாங்கலாமா என்பதை இந்த நாலு பாட்டில்தான் சொல்லும். அதுவரை, முதல் பாக்கெட்டில் மிஞ்சிய ஏழெட்டுக் கிராமைக் காற்றைப் பிழிந்து ஒட்டி, உறைபெட்டியில் மைனஸ் 18இல் போட்டு வையுங்கள். மீன் பக்கத்தில் வேண்டாம்.